ஐம்பதுக்கு ஆறு

ஆசிரியர்களுக்குப் பரீட்சை வைக்கவே கூடாது. மாணவன் ஃபெயிலானால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லலாம். ஆசிரியர் ஃபெயிலானால் யாரைக் கூட்டிக்கொண்டு வருவது?

என் பெயர் ஜூலியட். மந்தைவெளி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். ஃபாதர்கள் நடத்துகிற கல்லூரி. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு உண்டு. அதை என் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்றே சுற்றறிக்கை வந்துவிட்டது. அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. முன்பெல்லாம் அந்தக் குழு கட்டடத்தைப் பார்க்கும், நூலகத்தைப் பார்க்கும், கழிவறையை எட்டிப் பார்க்கும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறது. நீங்கள் என்ன நடத்தினீர்கள் என்பது இருக்கட்டும், பையன் என்ன கற்றுக்கொண்டான், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. நியாயமாகப் பார்த்தால் யாராவது எங்களை என்றைக்கோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருவரும் கேட்கவில்லை. பையன் பாஸா ஃபெயிலா என்பது எங்களுக்குத் தெரியும். என்ன கற்றுக்கொண்டான் என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ள விவகாரம் என்று விட்டுவிட்டோம். ஆகவே மாணவர்கள் கற்றதை எப்படி அளப்பது என்று எங்கள் எல்லோருக்கும் பயிற்சி என்றது சுற்றறிக்கை.

இதற்கெல்லாம் பொறுப்பு ஆஸ்டின். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து மேஜைக்காரன். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். ஆனாலும் தற்காலிக வேலைதான், ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்தால்தான் உண்டு. தரப் பிரிவு என்று பெயர் வைத்து ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பீரோவையும் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். செயலாளர் ஃபாதர் ஃபிரெட்ரிக் அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். பயிற்சியால் ஆசிரியர்கள் முன்னேறினார்கள் என்று குழுவுக்குக் காட்ட முடிந்தால் தரப் பிரிவுக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் உண்டு, அது அவனுக்குத்தான். காட்ட முடியாவிட்டால் பிரிவைக் கலைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஆபீசுக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்டினை எங்கே கொண்டுபோவார்கள் என்பதை ஃபாதர் சொல்லவில்லை.

அவனுக்கு இது வேலையோடு நிற்கிற விஷயமும் இல்லை. எங்கள் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிற லிசாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது. பேசியாகிவிட்டது என்றால், லிசாவின் அப்பாவைத் தவிர எல்லோரும் பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்பா ஆம்ப்ரோஸ் சார் ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், கையெழுத்தும் முத்திரையும் இல்லாத எதையும் நம்பாதவர். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் தெரிவியுங்கள் என்று பூசை நடுவே சாமியார் அறிவிப்பார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் கழிந்துதான். கையில் நிரந்தர ஆர்டர் வராமல் முதல் ஓலை வாசிக்க விடமாட்டேன் என்று ஆம்ப்ரோஸ் சார் சொல்லிவிட்டார். பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இன்னொரு வரனும் இருந்தது. அந்தப் பையன் ஈஸ்டர் வரை காத்திருக்கத் தயாராம். எனக்கு அவனைத் தெரியாது, ஆனாலும் பிடிக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஸ்ரீரங்கன். பெரிய கல்வி நிறுவனம் ஒன்றில் டீனாக இருந்து ஓய்வு பெற்ற மயிலாப்பூர்க்காரர். ஒல்லியான மனிதர். யாரைப் பேசவிட்டும் பொறுமையாகக் கேட்பார், கேட்டு முடித்ததும் ஒரே வாக்கியத்தில் ஆளைக் கவிழ்த்துவிடுவார். பயிற்சிக்கு முன்னால் ஒரு பரீட்சை, பின்னால் ஒரு பரீட்சை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரிசல்ட் என்று முதல் நாளே அறிவித்தார். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது மார்க். முதல் பரீட்சை ஃபோனில், அவரவர் இடத்தில் உட்கார்ந்தே எழுதலாம்.

நாங்கள் எழுதினோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் வர்ஷினி எல்லா விடைகளையும் தேடி எடுத்து, டீ ஆறுவதற்குள் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். நன்றி சொல்லிக் கும்பிடுகிற கைகள் அதன் கீழே வரிசையாக விழுந்தன. இங்கேதான் எங்கள் தொழில் அறிவு வேலை செய்தது. காப்பியடித்தவனைப் பிடிப்பதில் நாங்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். எல்லோருக்கும் முழு மார்க் வந்தால் சந்தேகம் வரும் என்பது எங்களுக்குத் தெரியாதா? ஆகவே ஒருவரை ஒருவர் கேட்காமலே, ஆளுக்கு ஒரு கேள்வியைத் தப்பாக எழுதுவது என்று அவரவர் மனதில் முடிவு செய்தோம். எதைத் தப்பாக எழுதுவது? இருப்பதிலேயே கஷ்டமானதைத்தான். கடைசிக் கேள்விதான் கஷ்டம். நானும் கடைசிக் கேள்வியைத்தான் தப்பாக எழுதினேன்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கன் ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் நாற்பத்தெட்டு. எல்லாருக்கும் கடைசிக் கேள்வி மட்டும் தப்பு. உங்களுக்குத் தெரியாதது இந்த ஒண்ணுதான்னா, அதை இப்பவே சொல்லிக் குடுத்துட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் ஆத்துக்குக் கிளம்பிடறேன்."

ஹாலில் ஒருவரும் நிமிரவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்ச் எப்படிக் குனியுமோ அப்படிக் குனிந்துகொண்டோம். ஆஸ்டினின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. நாற்பத்தெட்டில் ஆரம்பித்தால் எவ்வளவு தூரம் ஏற முடியும்? ஐம்பதுக்கு மேலே மார்க் கிடையாதே.

அவன் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கெஞ்சினான். நாளைக்கு மறுபடி ஒரு பரீட்சை, பேப்பரில், ஃபோன் இல்லாமல், தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுங்கள், அதுவே எனக்குப் பெரிய உதவி என்றான். தமிழ்த் துறைத் தலைவர் தனபாலன் ஐயா, தெரியாது என்று எழுதித் தனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். வணிகவியல் பீர் முஹம்மது அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "இம்பார்ட்டன்ட் கொஸ்டின் எதுன்னு மட்டும் சொல்லு நைனா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். இருபது வருஷமாக மாணவர்கள் அவரிடம் கேட்டதை அவர் ஒரு நாளாவது கேட்டுப் பார்க்க வேண்டாமா?

அன்று சாயங்காலம் கல்லூரியே உட்கார்ந்து படித்தது. வர்ஷினியின் நோட்ஸ் மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கட்டுக் கட்டாகப் போனது. பொய் சொல்வானேன், ரயிலில் நானும் அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மறுநாள் பேப்பர் திருத்தியபோது சராசரி நாற்பத்தாறு.

"மேடம், இவங்க யாருமே ஃபெயிலாக மாட்டேங்கிறாங்க," என்றான் ஆஸ்டின். அழுதுவிடுவான் போல இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். நேராக ஸ்ரீரங்கனிடம் போனேன். விளக்கம் தருக, வரையறை தருக என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும், ஃபோனைப் பிடுங்கினாலும் நிற்காது என்று சொன்னேன். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் போன செமஸ்டரில் தயாரித்த கேள்வித்தாளையே கொடுங்கள். அதில் ஐந்து கேள்வியை எடுக்கட்டும். இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதிய பையனுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை எழுதட்டும். ஆளுக்கு ஒரு பாடம், ஆளுக்கு ஒரு பேப்பர், பார்த்து எழுத வழியில்லை. ஸ்ரீரங்கன் இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, அப்படியே செய்யலாம் என்றார். அன்று முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது பரீட்சையில் ஒருவர்கூடப் பக்கத்தில் எட்டிப் பார்க்கவில்லை. நாமே கேட்ட கேள்வி, அதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்ற நிம்மதி எல்லோர் முகத்திலும் தெரிந்தது. தனபாலன் ஐயா இரண்டு தடவை கூடுதல் தாள் வாங்கினார். எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து எழுந்தவள் நான்.

சராசரி பதினொன்று.

ஆஸ்டின் ஸ்டாஃப் ரூமுக்குள் ஓடிவந்து, "பதினொண்ணு மேடம், பதினொண்ணு" என்று என் காதருகில் சொன்னான். மாநிலத்தில் முதல் ரேங்க் வாங்கியவன் வீட்டிலும் அவ்வளவு சந்தோஷம் இருக்காது. அதிகபட்சம் வர்ஷினி, இருபத்திரண்டு. பீர் முஹம்மது பத்து. தனபாலன் ஐயா ஏழு. என் மார்க்கைக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி கேட்டேன். ஆறு என்றான். கல்லூரியிலேயே கடைசி.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நான் செலவில்லாமல் செய்துகொண்டேன். ஸ்ரீரங்கனிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் கேள்வித்தாளை மேஜைமேல் விரித்து, பக்கத்தில் பாடப்புத்தகத்தையும் விரித்து வைத்தார். பையனுக்குத் தேற்றத்தை நிரூபிக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும் என்று நான் எழுதியிருந்தேன். நிரூபிக்கச் சொன்ன தேற்றங்கள் புத்தகத்தில் உள்ள தேற்றங்கள். போடச் சொன்ன கணக்குகள் புத்தகத்தில் போட்டுக் காட்டிய கணக்குகள்.

"எண்ணைக்கூட மாத்தலையே மேடம். இதுல நூறு வாங்கற பையனுக்கு ஞாபகசக்தி நன்னா இருக்குன்னு எனக்குத் தெரியறது. கணக்குத் தெரியுமான்னு தெரியலை. உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. எண்ணை மாற்றினால் பிள்ளைகள் ஃபெயிலாகிவிடுவார்கள், அப்புறம் ரிசல்ட் குறைந்துவிட்டது என்று நிர்வாகம் என்னைத்தான் கேட்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் அதன் அர்த்தம் எனக்கே உறைத்துவிட்டது. என் மார்க் தெரிந்தவர்கள் அவரும் ஆஸ்டினும் மட்டும்தான். வெளியே வந்து ஆஸ்டினைத் தனியாகப் பிடித்தேன். என் மார்க் வெளியே போனால், உன் ஓலை வாசிக்கும் அன்றைக்கு ஆட்சேபணை சொல்ல நானே எழுந்து நிற்பேன் என்று எச்சரித்தேன். போகாது என்று பைபிள்மேல் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

பிறகு பயிற்சி நடந்தது. இந்தப் பாடம் முடிந்ததும் மாணவன் என்ன செய்வான் என்று எழுதச் சொன்னார் ஸ்ரீரங்கன். புரிந்துகொள்வான் என்று எல்லோரும் எழுதினோம். அந்த ஒரு சொல்லை இந்த ஹாலில் தடை செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். புரிந்துகொண்டதை எங்கே பார்த்தீர்கள், எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார் தனபாலன் ஐயா. முப்பது ஆண்டு அனுபவம், முகம் பார்த்தே சொல்லிவிடுவாராம். ஸ்ரீரங்கன் பலகைப் பக்கம் திரும்பினார். பலகையில் ஒரு பாடத்தை எப்படி அளப்பது என்று மளமளவென்று விளக்கிக்கொண்டே போனார். முடித்துவிட்டுத் திரும்பி, புரிந்ததா என்று எங்களைக் கேட்டார்.

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். நான் ஆட்டியது எனக்கே தெரிந்தது. மதியம் பிரியாணி சாப்பிட்ட கண்ணோடு, வாயில் ஒரு சின்னச் சிரிப்போடு, மேலும் கீழுமாக. என் வகுப்பில் பிள்ளைகள் ஆட்டுகிற அதே மாதிரி. ஸ்ரீரங்கன் தனபாலன் ஐயாவை எழுப்பி, இத்தனை முகத்தில் யாருக்குப் புரிந்திருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். ஐயா எங்கள் முகங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். கடைசியில், எனக்கே புரியவில்லை ஐயா என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வேலை உண்மையாக நடந்தது. ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, கிழித்து, மறுபடி எழுதினோம். பீர் முஹம்மது மாணவர்களை மந்தைவெளி மார்க்கெட்டில் ஒரு கடைக்கு அனுப்பி அந்தக் கடையின் லாப நஷ்டத்தைத் தாங்களே கணக்குப் போட்டு வரச் சொல்கிற கேள்வியை எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேள்வி எழுதப் பார்த்தேன். முதல் கேள்வி எழுத மத்தியானம் முழுக்க ஆயிற்று. புடவைத் தலைப்பு முழுக்க மார்க்கர் கறை. ஆனால் அந்தக் கேள்வி நன்றாக இருந்தது, அதை யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசிப் பரீட்சை மூன்றாவது பரீட்சையைப் போலவேதான், ஆனால் புதிதாகக் கேள்வித்தாள் தயாரித்து எழுத வேண்டும். சராசரி முப்பத்துநாலு. எனக்கு முப்பத்தொன்று. பதினொன்றிலிருந்து முப்பத்துநாலு என்றால் எந்தக் குழு வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. ஆஸ்டின் அன்று ஸ்டாஃப் ரூம் முழுக்க ஜிலேபி கொடுத்தான்.

ஜிலேபி தொண்டையில் இறங்குவதற்குள் ஃபாதர் ஃபிரெட்ரிக் கூப்பிட்டுவிட்டார். அவன் பதறிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஸ்ரீரங்கன் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். ஃபாதருக்கு முப்பத்துநாலு கண்ணிலேயே படவில்லை. பதினொன்று என்பதன் மேலே விரலை வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கியவர்களா எங்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள், இதை எப்படி வெளியே அனுப்புவது, பெற்றோர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முதலில் வைத்த பரீட்சையில்தான் எல்லோரும் நாற்பத்தெட்டு வாங்கியிருக்கிறார்களே, அதையே ஆரம்பமாகப் போட்டுவிடலாமே என்றார்.

"போடலாம் ஃபாதர்," என்றார் ஸ்ரீரங்கன். "வரும்போது நாற்பத்தெட்டு, போகும்போது முப்பத்துநாலு. நான் வந்து எல்லாரையும் கெடுத்துட்டுப் போனதா ஆறது. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை."

ஃபாதர் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். அப்படியானால் இந்தப் பயிற்சியையே அறிக்கையில் சேர்க்க வேண்டாம், தரப் பிரிவையும் இப்போதைக்கு நிறுத்தி வைப்போம் என்று முடித்துவிட்டார். ஆஸ்டின் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். மார்க் ஆசிரியர்களுடையது, அதை அனுப்பலாமா வேண்டாமா என்று அவர்களையே கேளுங்கள் என்றான். ஃபாதர் மோதிரத்தைத் திருகினார். வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்கிறேன் என்றார். ஆனால் பெயரும் கையெழுத்தும் இல்லாத மார்க்கைக் குழு ஏற்காது. ஒவ்வொருவரும் தன் மார்க்கைப் பெயரோடு அனுப்பச் சம்மதிக்க வேண்டும், ஒருத்தர் வேண்டாம் என்றாலும் கிடையாது.

வெள்ளிக்கிழமை வரை ஆஸ்டின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பான், மூடுவான். லிசா ஃபோன் செய்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவான். கேட்டிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன், எனக்கும் பாரம் குறைந்திருக்கும். கேட்காமல் இருந்து என் உயிரை எடுத்தான். அவன் மேல் எனக்கு இத்தனை பிரியம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஆனால் ஆறு என்கிற எண்ணை என் பெயருக்குப் பக்கத்தில் நினைத்துப் பார்க்கவே கூசியது. எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் மருந்து சொல்வார்கள். என் மாணவிகள் வேறு அங்கேதான் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. ஃபாதர் விஷயத்தைச் சொல்லி முடித்து, பெயரோடு அனுப்பச் சம்மதமில்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடலாம் என்றார். ஒருவரும் சொல்லவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை. ஆஸ்டின் சுவரோரம் நின்றுகொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமைதியையே சம்மதமின்மை என்று எடுத்துக்கொண்டு ஃபாதர் கோப்பை மூடப் போனார். எழுந்து நிற்கலாமா என்று நான் முடிவு செய்வதற்குள் நின்றுவிட்டிருந்தேன்.

"ஃபாதர், எனக்கு ஆறு. ஐம்பதுக்கு ஆறு. இந்த ஹால்ல கடைசி நான்தான். என் பேர் போட்டே அனுப்புங்க. பக்கத்துலயே முப்பத்தொண்ணுன்னும் போடுங்க. நடுவுல இருக்கிற இருபத்தஞ்சு நான் இங்க கத்துக்கிட்டது. அதைக் காட்ட நான் ஏன் வெக்கப்படணும்?"

வெட்கமாகத்தான் இருந்தது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தபோது, முன்வரிசையில் தனபாலன் ஐயா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கண்டிப்பாக ஆட்சேபிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஏழு. முடிவில் முப்பத்தொன்பது. அம்மையார் இருபத்தைந்து மதிப்பெண் உயர்ந்தார். அடியேன் முப்பத்திரண்டு. இது பதிவாக வேண்டும்."

விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆனால் அது போதும், ஹால் திறந்துகொண்டது. பீர் முஹம்மது எழுந்து, "பத்துலருந்து நாப்பத்தொண்ணு ஃபாதர். முப்பத்தொண்ணு ஏறிக்கீது. ஒரே ஒரு மார்க்ல ஐயா கிட்ட உட்டுட்டேன்" என்றார். சதவீதத்தில் பார்த்தால் யார் முதல் என்று வணிகவியல் துறையே கணக்குப் போட ஆரம்பித்தது. தாவரவியலில் ஒருவர் எட்டு என்றார், வரலாற்றில் ஒருவர் தனக்கும் எட்டுதான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். குறைந்த மார்க் வாங்கியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டு, இருபது வாங்கியவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். வர்ஷினி கையைத் தூக்கினாள். தன் முதல் பேப்பருக்கு இருபத்திரண்டு கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டதாகத் தோன்றுகிறது, மறுமதிப்பீடு கேட்கலாமா என்று கேட்டாள். மார்க்கைக் குறைக்கச் சொல்லி மறுமதிப்பீடு கேட்டதை ஃபாதர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறார். ஸ்ரீரங்கன் முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துத் தாளை வரிசையில் விட்டார். எல்லோரும் போட்டோம். கடைசியில் அது அவரிடம் திரும்பி வந்தபோது அவரும் போட்டுவிட்டு, ஆஸ்டினைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஆர்டரை இன்றைக்கே அடித்துத் தரச் சொல்கிறேன் என்றார். ஆஸ்டின் ஃபாதரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, மூக்கைச் சிந்துகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொன்னபோது ஆஸ்டின் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தேன். பாவம், வெளுத்துவிட்டான்.

பூசை முடிந்து வெளியே படிக்கட்டில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தோம். ஆம்ப்ரோஸ் சார் வெள்ளை வேட்டி சட்டையில் நேராக என்னிடம் வந்தார். கல்யாணம் நடக்க நானும் ஒரு காரணம் என்று தெரிந்திருக்கும், நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துப் புடவையைச் சரி செய்துகொண்டேன்.

"என்னம்மா ஜூலியட், ஐம்பதுக்கு ஆறாமே?"

தலைமை ஆசிரியர் குரல். அசெம்பிளியில் கடைசி வரிசைக்குக் கேட்ட குரல். படிக்கட்டு முழுக்கத் திரும்பியது. பாடகர் குழு திரும்பியது, என் மாணவிகள் இரண்டு பேர் திரும்பினார்கள். லிசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆர்டர் எப்படிக் கிடைத்தது என்று ஆஸ்டின் அவளிடம் சொல்லியிருக்கிறான், அவள் பெருமை தாங்காமல் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இப்படி யாராவது கேட்டால் நறுக்கென்று திருப்பிக் கொடுக்க என் வாயில் எப்போதும் நாலு வார்த்தை தயாராக இருக்கும். அன்று வந்தது இதுதான்.

"அது போன வாரம் சார். இப்போ முப்பத்தொண்ணு."

சொன்ன வேகத்தைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. ரிப்போர்ட் கார்டை நீட்டுகிற பெண் குழந்தையின் வேகம் அது. ஆம்ப்ரோஸ் சார் சிரிக்கவில்லை. மனதுக்குள் கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இருபத்தஞ்சு மார்க்கா? இந்த வயசுல? அப்படி என்னம்மா கத்துக்கிட்ட?"

பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டவர்கள் என் வாழ்க்கையில் ஏராளம். இதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். கேலியாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த பூசைக்கு மணி அடித்தார்கள், அதற்கு வந்தவர்கள் உள்ளே போனார்கள், நாங்கள் இருவரும் நகரவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஆஸ்டினும் லிசாவும் மெல்ல நழுவிக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் சார் அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.